பேர்கெட்ட பிரபுவைத் திருத்துவது எப்படி? ரீஜென்சி நகைச்சுவைக் காதல் கதை எழுதுவோருக்கு

கேள்வி இது: ரீஜென்சி கால இங்கிலாந்தில் நடக்கும் நகைச்சுவைக் காதல் நாவல் ஒன்றின் முதல் வரைவு முடிந்திருக்கிறது. நாயகன் குடி, சூது, பெண் சகவாசம் என்று ஊரெல்லாம் பேர்கெட்ட பிரபு. ஆங்கிலத்தில் ரேக் என்பார்களே, அந்த ரகம். நாயகி அவனை நம்ப மறுப்பவள். படித்துப் பார்த்தவர்கள் மூன்று குறை சொல்லியிருக்கிறார்கள். அவன் திருந்தியது நம்பும்படி இல்லை, அவள் காரணமில்லாமல் சிடுசிடுக்கிறாள், சிரிப்பு வரவில்லை.

மூன்றையும் தனித்தனியாகப் பழுதுபார்க்க வேண்டாம். அவள் எதைக் கண்டு பயப்படுகிறாள் என்பது வரைவில் இல்லை. அது இல்லாததால்தான் அவள் பேச்சு வெறும் சிடுசிடுப்பாகத் தெரிகிறது, அவன் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதும் தெளிவாகவில்லை. எது பணயத்தில் இருக்கிறது என்று தெரியாத இடத்தில் சிரிப்பும் பிறக்காது.

பொதுவாக எல்லாரும் ஒரு பழைய காயத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். முன்பு ஒருவன் ஏமாற்றினான், அதனால் இவள் யாரையும் நம்புவதில்லை என்று. அது தேவையே இல்லை. வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ் தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பேற்ற 1811 பிப்ரவரி 5 முதல், தந்தையான மன்னர் மூன்றாம் ஜார்ஜ் இறந்த 1820 ஜனவரி 29 வரையான ஒன்பது ஆண்டுகள்தான் ரீஜென்சி. அந்தக் காலத்து இங்கிலாந்தின் சட்டமே புத்தியுள்ள ஒரு பெண்ணைப் பயமுறுத்தப் போதும்.

மணமானதும் அவள் கையிலிருக்கும் ரொக்கம், நகை, முதலீடு எல்லாம் கணவனுக்குப் போய்விடும். நிலம் இருந்தால் அதன் வருமானத்தை வாங்கிக்கொள்வதும் அவன்தான். இது மாறுவதற்கு 1870, 1882 ஆண்டுகளின் மணமான பெண்கள் சொத்துச் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. பிள்ளைகள் தந்தைக்கு உரியவர்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய் நீதிமன்றம் போகவே 1839இல்தான் வழி பிறந்தது. முழு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் அதற்கென்று தனிச் சட்டம் நிறைவேற வேண்டும். கணவன் இன்னொருத்தியோடு இருந்தான் என்பது மட்டும் மனைவிக்குப் போதுமான காரணம் ஆகாது. 1857இல் விவாகரத்து நீதிமன்றம் ஏற்படும் வரை அப்படித் தனிச் சட்டம் வழியாக விடுதலை பெற்ற மனைவியர் மொத்தமே நான்கு பேர்.

இப்போது அவளுக்குச் சொந்தமாகப் பத்தாயிரம் பவுண்டு இருக்கிறது என்று வையுங்கள். அரசுக் கடன் பத்திரங்களில் நான்கு, ஐந்து சதவீதம் கிடைத்தால் ஆண்டுக்கு 400 முதல் 500 பவுண்டு வரும். ஒரு வீடு, இரண்டு மூன்று பணியாட்கள் என்று தனியாகவே கௌரவமாக வாழலாம். அந்தப் பத்தாயிரத்தை இவன் ஒரே ராத்திரி ஃபேரோ என்ற சீட்டுச் சூதாட்ட மேசையில் தொலைத்துவிட்டு வந்தால் அவளால் கேள்வி கேட்க முடியும். ஆனால் திரும்ப வாங்க முடியாது. இந்தக் கணக்கு தெரிந்தவள் அவனை வேண்டாம் என்று சொன்னால் அதைச் சிடுசிடுப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே முதல் திருத்தம்: அவளுக்குக் கணக்குத் தெரியும் என்பதை முதல் இரண்டு அத்தியாயங்களுக்குள் காட்டுங்கள். அதற்காக அவளைப் பிரசங்கம் செய்ய விடவேண்டாம். விதவையான ஓர் அத்தையின் வீட்டு வாடகை, அக்காள் புருஷன் விற்றுவிட்ட முத்துமாலை என்று ஒன்றிரண்டு பொருள் வழியாகச் சொன்னால் போதும். அதன்பிறகு அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு குத்தலுக்கும் அடியில் கனம் இருக்கும். உதாரணத்துக்கு இப்படி:

“நான் திருந்திவிட்டேன்.”

“எப்போதிலிருந்து, மை லார்ட்?”

“செவ்வாய்க்கிழமையிலிருந்து.”

“இன்று வியாழன். தவக்காலமே நாற்பது நாள் என்கிறார்கள்.”

“மீதி முப்பத்தெட்டு நாளையும் உங்கள் மேற்பார்வையில் கழிக்க அனுமதி உண்டா?”

இதில் அவள் வெடுக்கென்று பேசினாலும் அவனை மட்டம் தட்டவில்லை. ஒரு நிபந்தனை வைக்கிறாள். அவனும் கோபப்படாமல் அந்த நிபந்தனைக்குள்ளேயே புகுந்து பதில் சொல்கிறான். இந்த வகைக் கதைகளில் வாசகர் மனம் அவன் பக்கம் சாய்வது இப்படிப்பட்ட இடத்தில்தான். தன்னை வைத்துச் செய்த நகைச்சுவைக்கு அவன் மனம்விட்டுச் சிரிக்க வேண்டும், அதுவும் முதல் மூன்று சந்திப்புகளுக்குள். அப்படிச் சிரிக்கத் தெரியாதவன் பின்னால் எத்தனை அனாதை இல்லத்துக்கு நன்கொடை கொடுத்தாலும் தேறமாட்டான். வரைவுகளில் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, இரண்டு பேரும் மாறி மாறித் திட்டிக்கொள்வதையே சொற்போர் என்று நினைத்துவிடுவது. ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் பிடித்து ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். ஒரு வரியை எடுத்துவிட்டால் அடுத்த வரி நிற்கக் கூடாது. அப்படி எடுத்துப் பார்த்தும் உரையாடல் சேதமில்லாமல் நின்றால் அது வெறும் வசவு.

அடுத்து அவன். “பேர்கெட்டவன்” என்று மட்டும் எழுதி வைத்தால் திருத்துவதற்கு எதுவும் இருக்காது. பேரேடு போல ஒரு பட்டியல் போடுங்கள்: யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தப் பெண்ணிடம் என்ன வாக்குக் கொடுத்தான், யாருடைய பிள்ளையை எந்தச் சூதாட்ட விடுதிக்கு முதல்முதலாக அழைத்துப் போனான். மூன்று பதிவு போதும். ஆனால் மூன்றும் உண்மையாக யாரையோ நோகடித்தவையாக இருக்க வேண்டும். பேர் மட்டும் கெட்டது, ஆள் தங்கம், எல்லாம் யாரோ கட்டிவிட்ட கதை என்று பத்தாவது அத்தியாயத்தில் தெரியவருவது பெரிய மோசடி. திருந்துகிறான் என்று அட்டையில் போட்டுவிட்டுத் திருந்த ஒன்றுமே இல்லாத ஆளைக் கொடுத்தால் வாசகருக்கு எரிச்சல்தான் வரும்.

கடனில் அந்தக் காலத்துக்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. உங்கள் நகைச்சுவைக்கு அது தங்கச் சுரங்கம். சூதாட்டக் கடனைச் சட்டப்படி வசூலிக்க முடியாது. 1710ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆகவே அது மானப் பிரச்சினை, சொன்ன நாளில் கொடுத்தே ஆக வேண்டும். தையற்காரர், செருப்புத் தைப்பவர், மெழுகுவத்திக் கடைக்காரர் ஆகியோரின் பாக்கி சட்டப்படியான கடன். அதனாலேயே அதை வருஷக்கணக்கில் இழுத்தடிக்கலாம்! போதாக்குறைக்குப் பிரபுப் பட்டம் உள்ளவனைக் கடனுக்காகக் கைது செய்ய முடியாது. ஆண்களின் உடை நாகரிகத்துக்கே இலக்கணமாக இருந்த போ பிரம்மல் 1816 மே மாதம் கடன்காரர்களுக்குப் பயந்து கலே துறைமுகத்துக்கு ஓடினார்; அவரிடம் பட்டம் இல்லை. உங்கள் நாயகன் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் உள்ளவனா, வெறும் மிஸ்டரா என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். ஏர்ல் என்றால் கடன்காரன் அவன் வீட்டு வாசலில் நின்று கும்பிடு போடுவான். மிஸ்டர் என்றால் அமீனா வந்துவிடுவான். கதையின் ஓட்டமே இதனால் மாறும்.

திருந்துவதன் முதல் அடையாளம், தையற்காரருக்குப் பணம் கொடுப்பது. இதைக் கதையாக ஓட்டிப் பாருங்கள். ஆறு வருஷப் பாக்கியை ஒரு காலைப்பொழுதில் ரொக்கமாக எண்ணி வைக்கிறான் நாயகன். தையற்காரருக்குச் சந்தோஷம் வராது, பயம்தான் வரும். பெரிய இடத்துப் பிள்ளைகள் கணக்கை அவசரமாகத் தீர்ப்பது எப்போது? விடியற்காலையில் துப்பாக்கிச் சண்டைக்குப் போவதற்கு முன்னால். அவர் அடுத்த கடையில் சொல்கிறார், அங்கிருந்து பான்ட் தெரு முழுக்கப் பரவுகிறது. மதியத்துக்குள், பெரிய இடத்து ஆண்கள் கூடும் வைட்ஸ் கிளப்பின் பந்தயப் புத்தகத்தில் எதிராளி யார் என்று பந்தயம் ஏறிவிடுகிறது. சாயங்காலத் தேநீருக்குள் நாயகி காதுக்குப் போய்ச் சேரும்போது அது ஒரு கல்யாணமான பெண்ணுக்காக நடக்கப்போகும் சண்டை என்று ஆகியிருக்கிறது. அவன் வாழ்க்கையில் செய்த முதல் யோக்கியமான காரியம் அவன் பேரை இன்னும் கெடுத்துவிட்டது.

உங்கள் நாவலின் சிரிப்பு இங்கேதான் இருக்கிறது. ஒருவன் கெட்டவனாக இருப்பதில் ஊருக்கு முதலீடு உண்டு. அத்தைமார் பெண்பிள்ளைகளைப் பயமுறுத்த அவன் பேர் வேண்டும். விருந்து வைக்கும் சீமாட்டிக்கு, அவன் வந்தால் கூட்டம் வரும். நண்பர்கள் அவன் எந்தத் தேதியில் பழையபடி ஆவான் என்று பணம் கட்டியிருப்பார்கள். எஜமான் ராத்திரி பத்து மணிக்கே தூங்கப் போகிற வீட்டில் வேலை பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று அவனுடைய வேலட், அதாவது உடை உடுத்திவிடும் அந்தரங்கப் பணியாள், ராஜினாமாக் கடிதம் கொடுப்பான். திருந்துகிறவனைத் திருந்தவிடாமல் இழுப்பவர்கள் யாரும் வில்லன்கள் இல்லை, எல்லாரும் பழக்கதோஷக்காரர்கள். வில்லன் இல்லாமலே முந்நூறு பக்கம் போகும்.

ரேக் உண்மையிலேயே திருந்துவானா என்ற சந்தேகம் இன்றைக்கு வந்ததல்ல. 1696இல் கோலி சிபர் எழுதிய ஒரு நாடகத்தில் மனைவியை விட்டு ஓடிய கணவன் ஐந்தாம் அங்கத்தில் சட்டென்று திருந்துகிறான், அரங்கம் உருகியது. அதே ஆண்டு ஜான் வான்ப்ரூ ‘பழைய குருடி கதவைத் திறடி’ என்று அதே ஜோடியை லண்டனுக்கு வரவழைத்து, அதே கணவனை மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரியிடமே விழ வைத்து இன்னொரு நாடகம் எழுதிவிட்டார். சாமுவேல் ரிச்சர்ட்சன் ‘கிளாரிஸா’ நாவலை எழுதியதற்கு ஒரு காரணம், திருந்திய ரேக்தான் நல்ல புருஷன் ஆவான் என்று அப்போது ஊரில் உலவிய நம்பிக்கையை உடைப்பது. ரீஜென்சி காலத்திலேயே நாவல் எழுதிய ஜேன் ஆஸ்டினும் இதில் கறார். வில்லோபி, விக்கம், ஹென்றி கிராஃபர்ட் என்று அவர் படைத்த வசீகரமான ஆண்களில் ஒருவன்கூட நாயகியின் கைபிடிக்கும் அளவுக்குத் தேறுவதில்லை. ‘மேன்ஸ்ஃபீல்டு பார்க்’ கிராஃபர்ட் மட்டும் கிட்டத்தட்டத் தேறினான். தேறியிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் இந்த வகைக் கதைகளே ஓடுகின்றன என்று எனக்கு ஓர் எண்ணம்.

1935இல் ரீஜென்சி பின்னணியில் எழுதத் தொடங்கி இந்த வகைக்கே அஸ்திவாரம் போட்ட ஜார்ஜெட் ஹேயர், 1958இல் வந்த ‘வெனிஷியா’வில் இந்தச் சிக்கலை நேராகக் கையாண்டார். அவளுக்குத் தான் தகுந்தவன் இல்லை என்று அவனே விலகிப் போகிறான். துரத்திப் போய்ப் பிடிப்பது நாயகி. அதைவிட முக்கியம், இருவருக்கும் ஒரே விஷயத்தைக் கண்டு சிரிப்பு வருகிறது, அதை மற்றவர்களிடம் காட்ட முடியாமல் தவிக்கிறார்கள். திருந்தியதற்கு அவனே விலகுவது சான்று. சேர்வதற்குக் காரணம் அந்தச் சிரிப்பு. இரண்டையும் ஒரே காட்சியில் அடைக்கக் கூடாது என்பதை அந்த நாவலில் பார்த்துக் கற்கலாம்.

நற்செயல்களை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். அவள் பார்க்கும்போது செய்த நல்ல காரியத்துக்கு மதிப்பு இல்லை, அது பெண் பார்க்கும் படலம். பேரேட்டின் மூன்று பதிவில் இரண்டையாவது அவளுக்குத் தெரியாமல் தீர்க்கட்டும். வாசகருக்குத் தெரிய வேண்டும், அவளுக்குத் தெரியக் கூடாது. அவளுக்கு அது பிறகு தெரியவருவது தவறான ஆள் வழியாக, தவறான வடிவத்தில் வரட்டும். பழைய ஆசைநாயகிக்கு அவன் ஆண்டுத் தொகை ஒன்றை எழுதிவைக்கிறான். வக்கீலின் குமாஸ்தா அந்தப் பெண்ணின் பேரை மட்டும் அத்தையிடம் உளறுகிறான். இப்படி.

அந்த ஆசைநாயகியை வில்லியாக்க வேண்டாம், அது தேய்ந்த தடம். அந்தக் காலத்துப் பெண்களில் இந்த ஆண்களை முழுக்க அறிந்தவர்கள் அவர்களே. ஹேரியட் வில்சன் 1825இல் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிடும் முன், பணம் தந்தால் பேரை விட்டுவிடுவதாகப் பழைய அன்பர்களுக்குக் கடிதம் போட்டவர். அந்த வியாபாரத் தெளிவோடு ஒரு பாத்திரத்தைப் படைத்து, நாயகியோடு தொப்பிக் கடையில் ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். அவனைப் பற்றி அவள் தரும் சான்றிதழ் புகழ்ச்சியாக இருக்கக் கூடாது: “சீட்டாடத் தெரியாது, பாட வராது, ஆனால் இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை. அது ரொம்ப அசௌகரியமான குணம்.” நாயகியின் பயத்தில் பாதி இங்கே கரையும், ஏனென்றால் சொல்பவளுக்கு இதில் லாபம் இல்லை.

இனி அக்காலத்துக் கட்டுப்பாடுகளை எப்படிச் சிரிப்பாக்குவது என்பதற்கு ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்: கடிதம். 1840 வரை தபால் தலை கிடையாது. கடிதத்தை வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் ஏறும். அதனால் உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பிரபுக்களுக்கும் மட்டும் இலவசச் சலுகை இருந்தது. ஆனால் அதற்கு முகவரியையும் தேதியையும் தம் கையாலேயே வெளிப்பக்கம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மணமாகாத பெண்ணுக்கும் மணமாகாத ஆணுக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தால் நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்றுதான் ஊர் பொருள்கொள்ளும்.

இப்போது உங்கள் ஏர்ல் அவளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். சலுகையில் அனுப்பினால், காலை உணவு மேசையில் அத்தை கையில் விழும் கடிதத்தின் முகப்பிலேயே அவன் கையெழுத்து பளிச்சென்று இருக்கும். கையெழுத்து இல்லாமல் அனுப்பினால் அத்தை காசு கொடுத்து வாங்க வேண்டும். மூன்று தாள் மன்னிப்பு என்றால் மூன்று மடங்குக் கட்டணம், யார் இந்த ஊதாரி என்று விசாரணை நடக்கும். நண்பனைக் கையெழுத்துப் போடச் சொன்னால், நாயகி அந்த நண்பனோடு நிச்சயம் ஆனவள் என்று வதந்தி கிளம்பும். மூன்று வழியும் அடைபட்ட பிறகு, அவன் ஒரே தாளில் நுணுக்கி எழுதி, தாளைத் திருப்பிக் குறுக்கேயும் எழுதி, படிக்கவே முடியாத ஒரு மன்னிப்பை அனுப்புகிறான். அவள் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறாள். அதில் அவன் சொன்னது ஒரு பங்கு என்றால், அவள் படிக்கப் பட்ட பாடு மூன்று பங்கு. வாசகருக்கு அந்தப் பாடுதான் காதல்.

நடனமும் அப்படியே. ஓர் இரவில் ஒரே ஆளோடு இரண்டு சுற்றுக்கு மேல் ஆடினால் பேச்சு கிளம்பும். ஒருவன் கேட்டு மறுத்துவிட்டால் அந்தச் சுற்றில் வேறு யாரோடும் ஆடுவது மரியாதை அல்ல, உட்காரத்தான் வேண்டும். ஆக, அவனை மறுப்பதற்கு அவள் தரும் விலை தன் விருப்பமான ஆட்டம். அல்மாக்ஸ் நடன அரங்கைப் பயன்படுத்தினால் நடனம் புதன்கிழமை இரவில் என்பதும், 11 மணிக்குமேல் யாராக இருந்தாலும் கதவு திறக்காது என்பதும், உள்ளே மது இல்லை, எலுமிச்சைப் பானமும் தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும்தான் என்பதும் உங்கள் பக்கம் இருக்கும் வரங்கள். எலுமிச்சைப் பானத்தை நான்கு புதன்கிழமை தொடர்ந்து குடித்த ரேக்கை யாராலும் சந்தேகிக்க முடியாது. ஆணும் பெண்ணும் அணைத்தபடி சுழன்று ஆடும் வால்ட்ஸ் அங்கே நுழைந்தது 1810களின் நடுவில். 1811இல் வால்ட்ஸ் ஆடவிட்டால் பிடித்துக்கொள்வார்கள்.

பிடித்துக்கொள்வார்கள் என்றதால் மற்ற சறுக்கல்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1803 மே முதல் 1814 வரை ஃபிரான்சோடு போர். 1812இல் பாரிஸில் கூத்தடித்துவிட்டுத் திரும்பிய நாயகன் இருக்க முடியாது, 1814 வசந்தத்துக்குப் பிறகோ 1815 ஜூன் 18இல் வாட்டர்லூ முடிந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி விற்பனைக்கு வந்தது 1827இல். லண்டன் பெருநகரக் காவல்துறை 1829. இளைஞனோடு பெண் ஹைட் பார்க்கில் திறந்த வண்டியில், பின்னால் குதிரைக்காரச் சிறுவன் நிற்க, சாயங்காலம் ஐந்து மணிக்குப் போகலாம். மூடிய வண்டியில் போனால் கதை முடிந்தது. கிளப்புகள் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் மானமுள்ள பெண் நடந்து போகமாட்டாள். ஏர்லின் மகள் ‘லேடி’யோடு தன் பேரைச் சேர்த்துக்கொள்வாள்; ஏர்லின் மனைவி பட்டப் பேரைச் சேர்ப்பாள்; இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் வரைவுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை.

ஓடிப்போகும் காட்சி வைக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். கணக்குப் போட்டுவிட்டு வையுங்கள். பெற்றோர் சம்மதமில்லாத அவசரக் கல்யாணங்களைத் தடுக்க வந்த 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது, எல்லையைத் தாண்டியதும் அப்படி மணக்க வருவோருக்குப் பேர்போன கிரெட்னா கிரீன் கிராமம். லண்டனிலிருந்து சுமார் 320 மைல். வாடகை வண்டிக்கு இரண்டு குதிரை என்றால் மைலுக்கு ஒரு ஷில்லிங்குக்குக் குறையாது (இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு). அதுவே 16 பவுண்டு. துரத்தி வருபவரை முந்த நான்கு குதிரை கட்டினால் இரட்டிப்பு, சுங்கச் சாவடியும் வண்டிக்காரருக்கு இனாமும் தனி. மணிக்குப் பத்து மைல் என்று நிற்காமல் ஓட்டினாலும் 32 மணி நேரம். ஆக, கடனில் மூழ்கிய ரேக்கால் ஓடிப்போகக்கூட முடியாது. இதை நாயகியே அவனுக்குக் கூட்டிக் காட்டுகிற இடம் நன்றாக வரும். கூட்டிக் காட்டிவிட்டு, “வழியில் சாப்பாடு சேர்க்கவில்லை” என்று அவள் சொல்லட்டும்.

அளவு பற்றிக் கேட்டால், எண்பது, தொண்ணூறு ஆயிரம் சொற்களில் அவன் திருந்தத் தொடங்குவது கால்பங்கு தாண்டிய பிறகு இருக்கட்டும். அவள் நம்பத் தொடங்குவது பாதியில். மூன்றில் இரண்டு பங்கில் ஒரு சறுக்கல் வேண்டும், இல்லையென்றால் கடைசிப் பகுதி தூங்கிவிடும். ஆனால் அந்தச் சறுக்கல் என்ன என்பதில் கவனம். இன்னொரு பெண்ணோடு என்றால் புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்கள், அதன்பிறகு எந்த விளக்கமும் எடுபடாது. சீட்டு மேசையில் என்றால் மன்னிக்கலாம். அவளுடைய தம்பி இழந்த பணத்தை மீட்கப் போய் உட்கார்ந்தான் என்றால் மன்னிப்பதா வேண்டாமா என்று அவளே குழம்புவாள். அந்தக் குழப்பம்தான் வேண்டும். அவளைச் சம்மதிக்க வைக்க அவன் வலுக்கட்டாயமாக முத்தமிடும் பழைய உத்தியைத் தொடவே வேண்டாம். கேட்டு, மறுக்கப்பட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போகிறவன்தான் சிரிப்புக்கும் ஏற்றவன், நம்பிக்கைக்கும் ஏற்றவன். போகிற அவசரத்தில் அத்தையின் தொப்பியை எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

அவள் கடைசியில் ஏன் ஒப்புக்கொள்கிறாள்? பெரும்பாலான வரைவுகள் விழுவது இங்கேதான். அவன் உருக்கமாகப் பேசுகிறான், அவள் கண் கலங்குகிறாள், முடிந்தது. இருபது அத்தியாயம் கணக்குப் பார்த்தவளை ஒரு பேச்சில் கவிழ்த்தால் அவளை அவமானப்படுத்தியதாகும். அவள் பயம் சட்டத்தைப் பற்றியது என்றால் பதிலும் சட்டத்திலிருந்து வர வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு கருவி இருந்தது: திருமண ஒப்பந்தப் பத்திரம். அவள் சொத்தை டிரஸ்டிகள் பேரில் தனியாகக் கட்டிவைக்கலாம், கணவன் தொட முடியாது. கைச்செலவுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுதலாம். அவன் முன்னால் செத்தால் அவளுக்கு ஆயுள் முழுக்க ஆண்டுத் தொகை உண்டு. கொண்டுவரும் சீதனத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்பது அந்தக் காலத்து வழக்கம். இளைய பிள்ளைகளின் பங்கையும் அப்போதே எழுதிவிடுவார்கள்.

ஆகவே உங்கள் உச்சக்கட்டக் காதல் காட்சியை வக்கீல் அலுவலகத்தில் வையுங்கள். இரண்டு தரப்பு வக்கீல்கள், அத்தை, மைக்கூடு. வழக்கமாக மாப்பிள்ளையின் வக்கீல் குறைப்பார், பெண்ணின் வக்கீல் கூட்டுவார். இங்கே மாப்பிள்ளையே கூட்டுகிறான். பத்தாயிரமும் அவளுடைய டிரஸ்டிகளிடமே இருக்கட்டும் என்கிறான். அவனுடைய வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, “பிரபு அவர்கள் உடல்நலத்தோடு இருக்கிறார்களா?” என்று கேட்கிறார். டிரஸ்டி யார் என்ற பேச்சு வரும்போது, தன்னைக் கொஞ்சமும் பிடிக்காத அவளுடைய மாமாவின் பேரைச் சொல்கிறான். அவள் நிமிர்ந்து பார்ப்பது அப்போதுதான். தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறவனை அவளால் மறுக்க முடியவில்லை. ஒரு கோரிக்கையை அவள் விட்டுக்கொடுக்கட்டும், ஏதாவது சின்னது, குதிரைத் தீனிச் செலவு மாதிரி. அந்த விட்டுக்கொடுத்தல்தான் அவளுடைய காதல் வாக்குமூலம்; வக்கீல்களுக்கு மட்டும் அது புரியாமல் போகட்டும்.

கல்யாணத்துக்குப் பேராயரின் சிறப்பு உரிமத்தை எடுத்துக் காட்டும் பழக்கம் இந்த வகைக் கதைகளில் நிறைய. கான்டர்பரி பேராயரின் அலுவலகத்தில் வாங்கினால் எங்கேயும் எப்போதும் மணக்கலாம். ஆனால் இருவர் பேரும் அதில் இருந்தாக வேண்டும்; வெற்று உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெண் தேட முடியாது. உங்கள் நாயகனுக்கு அதைவிடப் பொருத்தமானது சாதாரண ஜனங்களின் வழி: ஊர்த் தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிறு இருவர் பேரையும் உரக்க வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். பெரிய மனிதர்கள் இதை மட்டமாக நினைத்தார்கள். அவள் இதைத்தான் கேட்க வேண்டும். முதல் ஞாயிறு தேவாலயத்தில் உட்கார இடம் இருக்காது. யார் எழுந்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று பார்க்க லண்டனே வந்திருக்கும். மூன்றாவது ஞாயிறு வரை ஒருவரும் எழவில்லை என்றால் பந்தயப் புத்தகத்தில் பலருக்கு நஷ்டம். சாதாரண முறையில் மணப்பது என்றால் காலை எட்டு மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும் இடையில் நடந்தாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு எழுந்து பழகியவனை அன்றைக்கு ஏழு மணிக்கு எழுப்ப, ராஜினாமா செய்த வேலட் திரும்பி வந்தாக வேண்டும்.